எரிச்சல் என்னும் சொல்

எரிச்சலை மட்டும் பிறர் வாயால் கேட்டுத்தான் அறிய வேண்டும். வீக்கத்தைக் கண்ணால் காணலாம், காய்ச்சலைத் தொட்டுப் பார்க்கலாம், இருமல் அடுத்த அறைக்கும் கேட்கும். எரிச்சல் அப்படியன்று. "எரியுதா?" என்று கேட்டு, "எரியுது" என்று பதில் வந்தால்தான் அது உண்டு. கண்ணெரிச்சல், நெஞ்செரிச்சல், நீரெரிச்சல் என்று உடம்பு முழுவதும் பரவிய இச்சொல், பக்கத்து வீட்டுக்காரன் மாடி கட்டும்போது வயிற்றிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இடம் எதுவானாலும், உணர்கிறவர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது மாறாது. தோலை மட்டும் எடுத்துக்கொண்டாலும் காந்தல், நமைச்சல், அரிப்பு, கடுப்பு, திகுதிகுப்பு என்று நம் மொழி வேறுபடுத்திச் சொல்லும். வீட்டுப் பெரியவர்கள் கைமருந்து சொல்வதும் அந்த வேறுபாட்டைக் கேட்டறிந்த பிறகுதான்.

இதையெல்லாம் இவ்வளவு எண்ணிப் பார்க்க நேர்ந்தது, ஒரே ஒரு வரியை மொழிபெயர்க்கப் போய். சாயப்பட்டறைத் தொழிலாளர்களின் உடல்நலத்துக்காக உழைக்கும் நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு சில தாள்களை நம்மிடம் தந்தார். வேதிப்பொருளை விற்பவர் அதனுடன் தரும் சேஃப்டி டேட்டா ஷீட் என்னும் பாதுகாப்புத் தாள்கள் அவை. உலகெங்கும் ஒரே ஒழுங்கில் பதினாறு பகுதிகளாக அமைந்தவை. அவற்றின் சாரத்தைத் தமிழில் சுவரொட்டியாக்கித் திருப்பூர்ப் பக்கத்துப் பட்டறைகள் சிலவற்றில் ஒட்ட வேண்டும் என்பது அவர் திட்டம். (இந்தியிலும் ஒடியாவிலும் வேறு இருவர் எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்பட்டறைகளில் இன்று தமிழ் மட்டும் போதாது.) கையாளும் பொருளின் கேட்டைத் தொழிலாளிக்குத் தெரிவிப்பது நிர்வாகத்தின் கடமை என்பது, 1984இன் போபால் விபத்துக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது தெளிவாகச் சட்டத்தில் ஏறியது. தெரிவித்தல் என்றால் ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளை மேலாளர் அறையில் கோப்பில் வைத்திருத்தல் என்று பொருள் கொண்டவர்கள் பலர். கல்லூரியில் தமிழ் நடத்துகிற நமக்கு வேதியியலுடனான உறவு பன்னிரண்டாம் வகுப்போடு முடிந்துபோன ஒன்று. ஆயினும், தமிழ்தானே என்று ஒப்புக்கொண்டோம்.

அவற்றுள் ஒரு தாள் சோடா ஆஷுக்கு உரியது. சோடியம் கார்பனேட், சலவைச் சோடாவிலிருந்து நீரை நீக்கினால் கிடைக்கும் வெள்ளைப் பொடி. ரியாக்டிவ் சாயம் பருத்தி நூலோடு பிணைய வேண்டுமானால் தொட்டி நீரில் காரம் ஏற வேண்டும். அதற்காக மூட்டை மூட்டையாகக் கரைத்து ஊற்றுவது இதைத்தான். பொருளும் நமக்குப் புதிதன்று. முன்பு வெளுக்கிறவர்கள் வெள்ளாவிக்குப் பயன்படுத்திய உவர்மண்ணில் அழுக்கை எடுத்ததும் இதே உப்புதான். தாளின் பதினோராம் பகுதியில், நச்சியல் தகவல் என்ற தலைப்பின்கீழ், இவ்வாறு இருந்தது: தோல், முயல், எரிச்சல் இல்லை, 4 மணி நேரம்.

நான்கு துண்டுகள், வினைச்சொல்லே இல்லாத ஒரு வரி. நாம் அங்கே நின்றுவிட்டோம். எரிச்சல் இல்லை, சரி. யாருக்கு இல்லை? முயலுக்கா? அதை யார் கேட்டார்கள்?

*

அந்த வரிக்குப் பின்னால் நடப்பதைத் தெரிந்துகொள்ளாமல் மொழிபெயர்க்க மனம் வரவில்லை. படித்துப் பார்த்தோம்.

இச்சோதனைக்கு டிரைஸ் சோதனை என்று பெயர். ஜான் டிரைஸ், அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய நச்சியலாளர். 1944இல் தம் சகாக்கள் இருவருடன் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில், தோலிலும் கண்ணிலும் ஒரு பொருள் விளைவிக்கும் கேட்டை எண்களால் அளக்கும் முறையை வகுத்தார். கொடுமை செய்யும் நோக்கத்தோடு பிறந்த முறை என்று இதைச் சொல்லிவிட முடியாது. 1933ஐ ஒட்டி அந்நாட்டில் லேஷ் லூர் என்னும் கண்ணிமைச் சாயம் விற்பனையில் இருந்தது. பூசிக்கொண்ட பெண்கள் சிலருக்குப் பார்வை போயிற்று, உயிரிழந்தவரும் உண்டு. அதிலிருந்த பாரா-ஃபினைலீன்டைஅமீன் இன்றும் தலைச்சாயங்களில் இருக்கிறது. அன்றைய சட்டத்தில் அழகுப்பொருளைத் தடுக்க இடமே இல்லை. 1937இல் சல்ஃபனிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றதில், குழந்தைகள் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே புதிய சட்டம் வந்தது. சட்டம் வந்தால் அளவுகோல் வேண்டும். அளவுகோலுக்கு ஒரு முதுகு வேண்டியிருந்தது.

முயலின் முதுகு அது. நியூசிலாந்து வெள்ளை என்று அழைக்கப்படும் இனம் (பெயரில்தான் நியூசிலாந்து, உருவாக்கியது அமெரிக்காவில்). நம் காட்டு முயலுக்கும் இதற்கும் உறவு தூரம், தமிழ் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தாலும். காட்டு முயல் மண்ணின் நிறம். இது சிவந்த கண்ணும் நிறமியற்ற தோலும் உடையது. வெள்ளைத் தோலில் சிவப்பு நன்றாகத் தெரியும் என்பது அதைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம். சாதுவானது, கடிப்பது குறைவு, கையாள எளிது என்பது இன்னொரு காரணம். அதோடு, நாயைப்போல் ஊளையிடாது, பூனையைப்போல் கத்தாது. இரையாகும் விலங்குகளுக்கு வலியை மறைத்துக்கொள்வது இயல்பு. மாந்தர் வைத்த தேர்வில் அந்த மௌனமும் தகுதியாகிவிட்டது.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 1981இல் ஏற்றுப் பின்னர் பலமுறை திருத்திய 404ஆம் வழிகாட்டியின்படி இன்று செய்யும் முறை இது. சோதனைக்கு ஒரு நாள் முன்னதாக முதுகு மயிரைக் கத்தரித்துவிடுவார்கள். தோல் கீறப்படக் கூடாது. நீர்மமாயின் 0.5 மில்லிலிட்டர், பொடியாயின் 0.5 கிராமைச் சிறிது நீரில் நனைத்து, ஏறத்தாழ 6 சதுர சென்டிமீட்டர் பரப்பில் வைத்து, மெல்லிய துணிப்பட்டையால் மூடி ஒட்டுவார்கள். முயல் அதைக் கடித்து இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்வார்கள். 4 மணி நேரம் கழிந்ததும் பட்டையை எடுத்து, எஞ்சியதைத் தண்ணீராலோ தக்க கரைப்பானாலோ அகற்றுவார்கள். 60 நிமிடம் கழித்து ஒரு முறை, பின் 24, 48, 72ஆம் மணி நேரங்களில் பார்த்து மதிப்பெண் இடுவார்கள். புண் ஆறுகிறதா என்றறிய 14 நாள் வரை பார்ப்பதுண்டு. முதலில் ஒரு முயல். அதன் தோல் வெந்துபோகாவிட்டால் இன்னும் இரண்டு. டிரைஸ் வகுத்த பழைய முறை இதைவிடக் கடியது: 24 மணி நேரம், நல்ல தோலிலும் கீறிய தோலிலுமாக. கீறுவதற்கும் விதி உண்டு. மேல்தோல் கிழிய வேண்டும், குருதி வரக் கூடாது.

மதிப்பெண் இரண்டு வரிசைகளில் அமையும், சிவப்புக்கு ஒன்று, வீக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் பூஜ்யம் முதல் 4 வரை. மொழிபெயர்ப்புக்குத் தேவையில்லாவிட்டாலும் அந்தப் படிநிலைகளைத் தமிழில் எழுதிப் பார்த்தோம், ஆசிரியத் தொழிலின் பழக்கம். 1: தெரிந்தும் தெரியாததுமான சிவப்பு. 2: நன்கு புலப்படும் சிவப்பு. 3: மிதமானது முதல் கடுமையானது வரை. 4: பீட்ரூட் கிழங்கின் சிவப்பு, அல்லது அதைப் பார்க்கவிடாமல் பொருக்குத் தட்டிய நிலை. வீக்கத்தில் 3 என்றால் தோல் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் எழும்பியிருக்க வேண்டும். அதற்கு மேல் எழும்பி, பொருள் பட்ட இடத்தையும் தாண்டிப் பரவினால் 4. விடைத்தாள் திருத்துகிறவர்கள் இத்தகைய அட்டவணையை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். எது 2, எது 3 என்று முடிவு செய்வதில் உள்ள தயக்கத்தையும் அறிவார்கள்.

அந்தத் தயக்கம் நம் கற்பனையன்று. கரோல் வெயில், ராபர்ட் ஸ்காலா என்ற இருவர், ஒரே பொருள்களைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி முயலின் கண்ணிலும் தோலிலும் சோதிக்கச் செய்து, 1971இல் முடிவை வெளியிட்டார்கள். ஓர் ஆய்வகம் கடுமை என்றதை இன்னொன்று ஒன்றுமில்லை என்றிருந்தது. 2010இல் வெளியான வேறோர் ஆய்வில், முயலின் தோல் எரிச்சலூட்டி என்று அடையாளம் காட்டிய 16 பொருள்களை மனிதத் தோலில் பட்டையிட்டுப் பார்த்தபோது, 5 மட்டுமே குறிப்பிடத்தக்க எரிச்சலைத் தந்தன. முயலின் தோல் நம் தோலைவிட மெல்லியது, எளிதில் உறிஞ்சுவது. முயல் மிகையாகச் சொல்கிறது என்பது நிபுணர்கள் பலரின் கருத்து. இன்றைய உலகளாவிய வகைப்பாட்டில் 24, 48, 72 மணி நேரச் சிவப்பு அல்லது வீக்கத்தின் சராசரி 2.3ஐ மூன்றில் இரண்டு முயல்களேனும் எட்டினால்தான் ஒரு பொருள் முழு எரிச்சலூட்டி ஆகும்; புட்டியில் வியப்புக்குறி ஏறும். 2.2 என்றால் அந்தக் குறி இல்லை. வியப்புக்குறியை இவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்தும் வேறு இலக்கணத்தை நாம் கண்டதில்லை.

*

இனி நம் இடர்ப்பாட்டுக்கு வருவோம்.

மேற்சொன்ன இரு வரிசைகளில் சிவப்பு உண்டு, வீக்கம் உண்டு. எரிச்சல் இல்லை. அதாவது, நாம் தமிழில் எரிச்சல் என்று எதைச் சொல்கிறோமோ அதற்கு அட்டவணையில் கட்டமே கிடையாது. ஆங்கிலச் சொல்லின் மருத்துவப் பொருள் வேறு. புறத்தூண்டலால் திசுவில் தோன்றி, பின்னர் ஆறிவிடக்கூடிய அழற்சி என்பது அதன் பொருள். அது பார்க்கிறவர் சொல். நம் எரிச்சல் படுகிறவர் சொல். அகராதிகள் ஒன்றுக்கு ஒன்று என்று எதிரெதிரே எழுதி வைத்திருக்கின்றன. பாடநூல்களும் அரசாணைகளும் அவ்வாறே எழுதுகின்றன. நாமும் எழுதிவிட்டால், முயலின் முதுகில் சிவப்பு எழவில்லை என்ற செய்தி பட்டறைச் சுவருக்கு வரும்போது "எரிச்சல் தராது" என்றாகிவிடும். சோதனை கொடுக்காத வாக்குறுதியைத் தமிழ் கொடுத்துவிடும். சுவரில் அதைப் படிக்கும் மனிதரின் கை அந்நேரம் எரிந்துகொண்டிருந்தால், அவர் தாளை நம்புவாரா, கையை நம்புவாரா? மேற்பார்வையாளர் எதைக் காட்டிப் பேசுவார் என்பதில் நமக்கு ஐயமில்லை.

எரிகிறது என்பதில் பொய்யும் இல்லை. நண்பருடன் சென்று பார்த்த ஒரு பட்டறையில், சோடாவை மக்கால் அள்ளிக் கரைத்து ஊற்றும் பணியில் இருந்தவர்களின் கைகளைப் பார்த்தோம். விரலிடுக்குகளில் வெண்மையான வெடிப்பு. நகத்தைச் சுற்றித் தோல் உரிந்திருந்தது. உள்ளங்கை பழைய வெள்ளரிக்காய்போல் சுருங்கி இருந்தது. காரணம் புதிரன்று. நம் தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையது. ஏறத்தாழ 5 என்னும் அளவில் நிற்பது. சோடா கரைசல் 11ஐ ஒட்டியது. அது தோலின் கொழுப்பைச் சிறுகச் சிறுகக் கரைத்து எடுத்துவிடுகிறது. ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. ஈரமும் காரமும் மாறிமாறி மாதக்கணக்கில் பட்டால் தோலின் காப்பு தளர்ந்து, வெடித்து, வெடிப்பின் வழியே அதே கரைசல் உள்ளே இறங்கும். மருத்துவர்கள் இதைத் திரள் எரிச்சலால் வரும் தோலழற்சி என்பார்கள். கொத்தனார்கள், சலவைத் தொழிலாளர்கள், நாள் முழுதும் பாத்திரம் தேய்ப்பவர்கள் எல்லாருக்கும் அறிமுகமான நோய்.

முயலுக்கு இது வர வழியே இல்லை. அதன் முதுகில் சோடா ஒரு முறை வைக்கப்பட்டது. அந்த முதுகு அதுவரை எந்த வேலையும் செய்திராதது.

இதில் நம்மை அலைக்கழித்த செய்தி ஒன்று உண்டு. 1975இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வொன்றில் சோடியம் கார்பனேட்டின் செறிந்த கரைசலை முயல், கினிப்பன்றி, மனிதர் ஆகியோரின் தோலில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். முழுமையான தோலில் மூவருக்கும் ஒன்றுமில்லை. கீறிய தோலிலோ முயலுக்கும் மனிதருக்கும் சிவப்பும் வீக்கமும் எழுந்தன. அங்கே முயல் மிகையாகவும் சொல்லவில்லை, குறைவாகவும் சொல்லவில்லை. மனிதரோடு ஒத்தே சொன்னது. பட்டறைக் கை கீறிய தோல்தான் அல்லவா? ஆனால் கீறிப் பார்ப்பதை இன்றைய வழிகாட்டி கைவிட்டுவிட்டது. கைவிட்டதில் விலங்குக்கு நேரும் துன்பம் குறைந்தது. அது நல்லதே, மீண்டும் கீற வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. ஒரு தலைமுறை முயல்கள் கீறப்பட்டுச் சொன்ன செய்தி, சுருக்கி எழுதிய தாளில் இடம்பெறாமல் போனதுதான் பொறுக்கவில்லை. துன்பம் முன்பே செலவாகிவிட்டது. அதில் வாங்கியதை உரியவர் கையில் சேர்க்கவில்லை.

*

முயல்களின் காலம் முடிந்துகொண்டு வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் 1959இல் எழுதிய நூலில், விலங்குக்கு மாற்று தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், செய்முறையில் துன்பத்தைத் தணித்தல் என்ற மூன்று நெறிகளை முன்வைத்தார்கள். 1980இல் ஹென்ரி ஸ்பைரா என்ற பள்ளி ஆசிரியர் நியூயார்க் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, அழகுப்பொருள் நிறுவனங்களின் முயல் கண் சோதனையைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். (வகுப்பறைக்காரர்கள் வேறு எதற்கும் உதவமாட்டார்கள் என்பாருக்கு இவர் பெயரைச் சொல்லலாம்.) இந்தியாவில் அழகுப்பொருள்களை விலங்குகளில் சோதிப்பது 2014இல் தடை செய்யப்பட்டது. தொழிற்சாலை வேதிப்பொருள்கள் அந்தத் தடைக்குள் வரவில்லை. ஐரோப்பாவில் அவற்றுக்கும் 2016 முதல் உயிரற்ற முறைகளே முதலில் என்று விதி மாறியது.

உயிரற்ற முறை என்று எழுதியதும் கை தயங்குகிறது. அங்கே பயன்படுவது மனிதத் தோல்தான். அறுவை சிகிச்சையில் நீக்கிய தோலிலிருந்தோ, சுன்னத்துச் செய்த பச்சிளங்குழந்தைகளின் நுனித்தோலிலிருந்தோ எடுத்த செல்களைச் சிறு கிண்ணங்களில் வளர்த்து, காற்றுப் படவிட்டு, அடுக்கடுக்கான மேல்தோலாக ஆக்குகிறார்கள். 2010இல் ஏற்கப்பட்ட 439ஆம் வழிகாட்டி இதற்குரியது. பொருளைத் தடவி, கழுவி, 42 மணி நேரம் விட்டுவைத்து, மஞ்சள் நிறச் சாயமொன்றை ஊற்றுவார்கள். உயிருள்ள செல்கள் அதை ஊதாவாக்கும். ஊதா பாதியாகவோ அதற்குக் கீழோ இறங்கினால் பொருள் எரிச்சலூட்டி. பழைய முறையைவிடத் தெளிவானது. கண்ணின் தயக்கத்துக்கு இடமில்லை. எந்த முயலும் கூண்டில் இல்லை. ஆனால் அந்தத் தோலில் நரம்பு கிடையாது. எரிகிறதா என்று கேட்கப்படாத உயிர் முன்பு இருந்தது. இப்போது கேட்பதற்கே ஒருவரும் இல்லை. இங்கும் பொருள் பொதுவாக ஒரு முறைதான் தடவப்படுகிறது.

*

வரியைப் பல வகையாக எழுதி அடித்தோம். "அழற்சி இல்லை" என்றால் யாருக்கும் விளங்காது. "தோலைப் பாதிக்காது" என்றால் பொய். இறுதியில் இவ்வாறு நின்றது: "முயலின் முதுகில், காயமில்லாத தோலில், ஒரே ஒரு முறை 4 மணி நேரம் வைத்துப் பார்த்ததில் சிவப்போ வீக்கமோ குறிப்பிடும்படி எழவில்லை. தோல் வெடித்திருந்தால் எழும். நாள்தோறும் பட்டால் தோல் வெடிக்கும். கண்ணில் பட்டால் கெடுதல். கையுறை போடவும்."

நண்பருக்கு இது நீளம். "முயல் எதுக்கு சார் சுவத்துல? படிச்சா சிரிப்பாங்க" என்றார். முயலை எடுத்துவிட்டால் அந்த வரியை யாரோ ஒரு மனிதருக்குச் செய்த சோதனை என்று படிப்பார்கள், அல்லது எவருக்கும் பொருந்தும் பொது உண்மை என்று படிப்பார்கள் என்று வாதிட்டோம். யார் முதுகு என்று சொல்லாமல் முடிவை மட்டும் சொல்வதற்கு நமக்கு ஒப்பவில்லை. அரை மனதோடு அப்படியே அச்சிட்டார்.

ஒட்டியபின் ஒருநாள் அந்தப் பட்டறைக்குப் போயிருந்தோம். சோடா கரைக்கும் அம்மா ஒருவர், ஐம்பது வயதை ஒட்டியவர், தேநீர் இடைவேளையில் சுவரொட்டியை எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தார். சிரிக்கவில்லை. நம்மைப் பார்த்து, "ஏனுங்க சார், நாலு மணி நேரங் கழிச்சு அந்த மொசல நல்லாக் கழுவி உட்டாங்களா?" என்றார்.

ஆமாம், கழுவிவிடுவார்கள், முறையே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது என்றோம்.

"நல்ல தண்ணீலயா?"

ஆய்வகத்துத் தண்ணீர் நல்ல தண்ணீராகத்தான் இருக்கும் என்றோம். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கரைக்கும் தொட்டியின் பக்கம் போனார். அப்போதுதான் சுற்றிப் பார்த்தோம். அந்தக் கூடத்தில் கை கழுவக் குழாய் இல்லை. வெளியே, கொதிகலனைத் தாண்டி ஒன்று இருந்தது. சுவரொட்டியின் அடுத்த அச்சில் கையுறை வரிக்கு முன்னால் தண்ணீர் வரி ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். குழாய்க்காக நண்பர் பேசிக்கொண்டிருக்கிறார்.